ஈரத் துண்டு ராணி

"மூச்சு விடாத!"

அருங்காட்சியகத்தின் நாணய அறைக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தபோது என்னை வரவேற்ற சொற்கள் இவைதான். கையில் நியமன உத்தரவு, உடம்பில் அன்றைக்கென்றே தேய்த்த சட்டை. எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்த இடத்திலும் கூச்சமில்லை. அப்படிப்பட்டவன் வாசற்படியிலேயே கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சடக்கி நின்றேன். உள்ளே ஒரு வழுக்கைத் தலை கேமராவின்மேல் கவிழ்ந்தபடி அசையாமல் இருந்தது. மெல்லிய 'க்ளிக்' சத்தம் ஒன்று கேட்டது.

"ம், இப்ப விடு. கதவுல நின்னு நீ விடற மூச்சுக்கு இங்க ஸ்டாண்டு ஆடுது. யாரு நீ?"

"நாணயங்களுக்கு விளக்கக் குறிப்பு எழுத வந்திருக்கேன் சார். எம்.ஏ. வரலாறு."

"ஓ, பட்டதாரியா! அப்ப இங்க வா. இவரு என்ன பண்றாருன்னு சொல்லு பாப்போம்."

கணினித் திரை நிறைய ஒரு வெள்ளிக்காசு. கிரீடம் வைத்த மன்னர் ஒருவர் ஒரு கையை முன்னால் நீட்டி, சிறிய பீடம் ஒன்றின்மேல் விரல்களை விரித்துக்கொண்டு நின்றார்.

"மன்னர் பீடத்தில் தூபம் இடுகிறார்" என்றேன், நேர்முகத் தேர்வுக் குரலில்.

"தப்பு. ஏர்போர்ட்ல கை கழுவப் போயிருக்காரு. கைய நீட்டினா தண்ணி தானா வரும்னு யாரோ சொல்லிட்டாங்க. இவரும் நீட்டிக்கிட்டே நிக்கிறாரு, வர மாட்டேங்குது. ராஜாவாச்சே, பக்கத்துல நிக்கறவன்கிட்ட கேக்கவும் மானம் போகுது."

படித்தவன் இதற்கெல்லாம் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சிரித்துவிட்டேன்.

அவர்தான் எங்கள் புகைப்படக்காரர். எல்லாரும் அவரை ஃபிளாஷ் என்பார்கள். நாணயத்துக்கு ஃபிளாஷ் அடித்தால் முகமெல்லாம் வெள்ளையாகிக் காசு காசாகவே இருக்காது என்பது அவர் கட்சி. பார்வையாளர் யாராவது செல்போனில் பளிச்சென்று அடித்துவிட்டால் "ஃபிளாஷ் கூடாது! ஃபிளாஷ் கூடாது!" என்று எங்கிருந்தாலும் பாய்ந்து வருவார். அப்படி வந்த பெயர். அவரிடம் இருந்தது வளையும் கழுத்துடைய ஒரு சின்ன விளக்கு மட்டும்தான். அதை ஒரு விரல் அளவு இறக்குவார், மன்னருக்கு மூக்கு வளரும். கொஞ்சம் ஏற்றுவார், அதே மன்னருக்கு வயது குறையும். எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்ட காசைக்கூட விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தத் தாடை நம்ம மூணாவது ஆளோடது" என்று ஆட்சிக்காலத்தோடு சொல்லிவிடுவார்.

என் வேலை குறிப்பு எழுதுவது. 'முன்பக்கம்: வலப்புறம் நோக்கிய மன்னரின் தலை. பின்பக்கம்: கையில் மாலையுடன் இறக்கை விரித்த பெண் உருவம்.' நான் இதை எழுதி முடிப்பதற்குள் அவர் தன் குறிப்பைச் சொல்லி முடித்திருப்பார். "டெலிவரி பொண்ணுப்பா. ஆர்டர் வந்துடுச்சு, கீழ இறங்கி வந்து வாங்கிக்கோங்கன்னு கூப்பிடுது. மாடிக்கெல்லாம் வராதாம், இறக்கை வலிக்குதாம்."

எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும் இரட்டைத் தலைக் காசு: "டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி." குதிரை வீரனின் காலடியில் ஒருவன் விழுந்துகிடக்கும் காசு: "பார்க்கிங் தகராறு."

ஒருமுறை என் அப்பா என்னைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத மனிதர். கண்ணாடிப் பெட்டிகளையும் குளிரூட்டியையும் பார்த்துவிட்டு, "நான் இங்கயே நிக்கறேன், நீ வேலையப் பாரு" என்று கதவோரமே நின்றுவிட்டார். எனக்கு அவரை எப்படி உள்ளே கூட்டிவருவது என்று தெரியவில்லை. ஃபிளாஷ்தான் போய், "பெரியவரே, இந்த ராஜா ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்ட கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அப்பா பெட்டி பெட்டியாக நடந்தார், சிரித்துச் சிரித்து இருமினார். "உங்க ஆபீசு நல்லா இருக்குடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு பகலுக்காகவே ஃபிளாஷ்மேல் எனக்குத் தனிப் பிரியம். அவரைப் பற்றி இனி எழுதப்போவதை வாசிக்கும்போது இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை நாட்களில் அவர் வீட்டுக்குப் போவேன். மாடியில் இரண்டே அறை. மனைவி துணி தைப்பவர், தையல் மெஷினிலிருந்து எழாமலே "வாங்க தம்பி" என்பார். ஒரே மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். அதனாலேயே எனக்கு அவர்மேல் ஒரு சொந்தக்கார மரியாதை. கணக்கு டீச்சராக ஒரு பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். முதல் வருடம் முழுக்கத் தகுதி பார்ப்பார்கள், பிடித்தால்தான் நிரந்தரம்.

"என் பொண்ணு உள்ள போனா ஒரு வகுப்பே எந்திரிச்சு நிக்குது" என்று ஃபிளாஷ் மார்தட்டுவார். "நான் சொன்னா ஒத்தக் காசுகூட நிக்காது. களிமண்ணு வச்சு நிறுத்தணும்."

"அதான் வீட்லயும் யாரும் உங்க பேச்சைக் கேக்கறதில்ல" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வரும். "அப்பா! இந்த ஈரத் துண்ட கட்டில்ல போட்டது யாரு?"

போட்டவர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

ஃபிளாஷின் பேச்சு ஒருநாள் இயக்குநர் மேடத்தின் காதில் விழுந்தது. அவருக்கு நாணய அறைக்குக் கூட்டம் வருவதில்லை என்ற கவலை. "இதையே கண்காட்சியா வச்சா என்ன?" என்றார். இடது பக்கம் நாணயத்தின் பெரிய படம், வலது பக்கம் அதே நிலையில் இன்றைய மனிதர் ஒருவர், கீழே ஒரு வரி வசனம். மூலையில் பொடி எழுத்தில் என் குறிப்பு. ஃபிளாஷுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாயிற்காவலரைத் துடைப்பக் கம்போடு நிறுத்திச் செங்கோல் பிடித்த அரசனாக்கினார். தோட்டக்காரரைக் குழாயடியில் கை நீட்ட வைத்தார்.

ராணிக் காசுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அது அழகான காசு. நெற்றி நேராக இறங்கி, மூக்கு லேசாக வளைந்து, முகவாய் தூக்கி, உதடு இறுக்கிய ஒரு பெண் தலை. மனைவி "எனக்கு வேற வேலை இல்லையா" என்றுவிட்டார். மகள் தெளிவாகவே சொன்னார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"வேண்டாம்ப்பா. என்னை இதுல இழுக்காதீங்க. நான் டீச்சர்."

"சரிம்மா, சரி. விட்டாச்சு."

கண்காட்சி திறந்தபோது ராணிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு நிழலுருவம் இருந்தது. கண், காது ஒன்றும் கிடையாது. பக்கவாட்டில் ஒரு பெண்ணின் முக ஓரம் மட்டும். கீழே வசனம்: 'இந்த ஈரத் துண்டை இங்கே போட்டது யார்?'

"யாருண்ணே இது?" என்று கேட்டேன்.

"யாரோ ஒரு பொண்ணு. கம்ப்யூட்டர்ல கெடச்சுது."

நான் மகளை எப்போதும் நேராகவே பார்த்தவன். தட்டு வைக்கும்போது, கதவைத் திறக்கும்போது. நம்பினேன்.

கூட்டம் அள்ளியது. அதிலும் ராணிப் பலகை முன்னால்தான் நெரிசல். எல்லா வீட்டிலும் ஈரத் துண்டு போடுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார்கள் போலிருக்கிறது. ஃபிளாஷ் தூணுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாதவர்போல நின்று, எந்தப் பலகைக்கு எவ்வளவு சிரிப்பு என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு குடும்பம் குலுங்கிச் சிரித்தால் இவருக்கு முகமெல்லாம் பல்.

அப்படி அவர் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். விளையாட்டு ஆசிரியர் கூட்டி வந்திருந்தார். நான் விளக்கிக்கொண்டே போனேன். "அந்தக் காலத்துல மக்கள் ராஜாவை நேர்ல பாத்ததே இல்ல. ஆனா காசுல பக்கவாட்டு முகத்தைப் பாத்தே இன்னார்னு சொல்லிடுவாங்க. முகத்தோட ஓரம் ஒரு கையெழுத்து மாதிரி" என்று நானே ரசித்துச் சொன்னேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன். கண்ணாடி போட்ட ஒரு சிறுமி ராணிப் பலகை முன்னால் நின்று கத்தினாள்:

"ஏய், இங்க பாருங்கடி! நம்ம கணக்கு டீச்சர்!"

மொத்த வகுப்பும் அங்கே ஓடியது. "ஆமா! டீச்சரேதான்!" "அந்த மூக்கு!" "டீச்சர் வீட்ல ஈரத் துண்டாம்டி!"

தூணுக்குப் பின்னாலிருந்து ஃபிளாஷ் வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல பாப்பா. அது வேற யாரோ" என்றார்.

சிறுமி அவரை இரக்கமாகப் பார்த்தாள். "அங்கிள், தினமும் டீச்சர் போர்டுல எழுதறப்ப இதைத்தான் நாங்க பாக்குறோம்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நேராக அறைக்குள் போய் உட்கார்ந்தார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் போனபோது, எரியாத விளக்கின் கழுத்தை வளைத்துக்கொண்டும் நிமிர்த்திக்கொண்டும் இருந்தார்.

"வீட்ல அவ சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாளா, ஜன்னல் வெளிச்சம் பின்னாடி. அப்படியே ராணிக் காசு. கையில போன் இருந்துச்சு..." நிறுத்தினார். "பசங்க மறந்துடுவாங்கல்ல, பட்டதாரி?"

"மறந்துடுவாங்கண்ணே."

எங்கள் ஊரில் எப்போதோ தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த ஒருவரின் பேரப்பிள்ளைகளை இன்றும் 'தொட்டி வீட்டுப் பசங்க' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

வீட்டிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. மகள் முகம் வாடி வரும்போதெல்லாம் தலைவலியா என்று கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வாராம். பலகையை உடனே கழற்றச் சொல்லியிருக்கலாம். அதற்கு மேடத்திடம் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் அவர் தொண்டையைத் தாண்டி வரவில்லை.

சில நாள் கழித்து ஒரு பிற்பகலில் மகளே வந்தார். நுழைவுச்சீட்டு வாங்கி, எல்லாரையும்போல வரிசையில் நடந்து வந்து, பலகைக்கு நேர் எதிரே நின்றார். பக்கத்தில் ஒரு குடும்பம் வசனத்தை உரக்கப் படித்துச் சிரித்தது. அவர் கைப்பையைத் தூக்கிக் கன்னத்தோரமாக மறைத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு எங்கள் அறைக்குள் வந்தார்.

"வா பாப்பா. சாப்டியா?" என்று எழுந்தார் ஃபிளாஷ்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்ல?"

"பேரு போடலையேம்மா. முகம்கூட இல்ல. வெறும் கறுப்புதான்."

"அந்தக் கறுப்பைப் பாத்துத்தானப்பா இத்தன வருஷமா எந்த ராஜான்னு சொல்றீங்க? எழுத்தே இல்லாத காசைக்கூடத் தாடைய வச்சுக் கண்டுபிடிப்பீங்களே. என்னை மட்டும் யாருக்கும் தெரியாதுன்னு எப்படி நெனச்சீங்க?"

எனக்கு வெளியே போய்விட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒரே கதவு மகளின் முதுகுக்குப் பின்னால். திரையில் இருந்த காசை உற்றுப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"தினமும் வகுப்புல என் நாற்காலியில ஈரத் துண்டு கெடக்கு. போட்டது யாருன்னு கேக்கக்கூட முடியலப்பா. கேட்டா அதுதான் உங்க வசனம். வாயத் தொறந்தாலே வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். போர்டு பக்கம் திரும்பப் பயமா இருக்கு. முழுசா முதுகைக் காட்டிக்கிட்டு எழுதறேன், எழுத்து மலை ஏறுது." கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் வகுப்புல வந்து உக்காந்து பாக்கறாரு. அதை வச்சுத்தான் என் வேலை நிக்குமா நிக்காதான்னு முடிவு."

"நான் வந்து பசங்ககிட்ட சொல்லட்டுமா? தப்பு என்னோடதுன்னு..."

"ஐயோ, வேண்டாம்! படம் எடுத்தவரே வந்துட்டாருன்னு கை தட்டுவாங்க."

மகள் போனதும் ஃபிளாஷ் விளக்கை அணைத்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "கூட வா பட்டதாரி. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்" என்றார்.

மேடம் உற்சாகமாக இருந்தார். "உங்க ராணியத்தான் போஸ்டரா போடலாம்னு இருக்கேன்."

"அதை எடுத்துடணும் மேடம்."

"ஏன்? அதுதானே நல்லா ஓடுது?"

"அது என் பொண்ணு. அவ வேண்டாம்னு சொன்னா. தெரியாம எடுத்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்ககிட்ட கம்ப்யூட்டர்ல கெடச்சுதுன்னு சொன்னதும் பொய்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "போய் எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னார். திருப்புளியை வாங்கி ஃபிளாஷே கழற்றினார். "ஏங்க, இதுதாங்க நல்லா இருக்கு, இதை ஏன் எடுக்கறீங்க?" என்று பார்வையாளர் ஒருவர் கேட்டபோது, பலகையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

ஆனால் பலகையைச் சுவரிலிருந்து கழற்றலாம், வகுப்பிலிருந்து எப்படிக் கழற்றுவது?

அங்கேதான் மனிதர் இன்னொரு காரியம் செய்தார். மறுநாள் நான் வேலைக்கு வந்தபோது அதே இடத்தில் புதுப் பலகை. வழுக்கைத் தலையும் தொங்கும் தாடையுமாக ஒரு கொழுத்த மன்னரின் காசு. பக்கத்தில் ஃபிளாஷின் சொந்த நிழலுருவம். வசனம்: 'வேண்டாம் என்று சொன்னது என் காதில் விழவில்லை.'

"எப்படி?" என்று கேட்டார். கண்ணில் பழைய வெளிச்சம். "பாப்பாவுக்குப் போன்ல அனுப்பிட்டேன். பாத்தா மனசு ஆறிடும்."

எனக்குமே அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. மதியம் பதில் வந்தது. படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

'மறுபடியும் ஜோக்காப்பா? இப்பவும் நீங்கதான் நடுவுல நிக்கறீங்க.'

அவர் அழவில்லை. ஆனால் ஒரு ஆள் இருந்த இடத்திலேயே சிறுத்துப்போவதை அன்றைக்குப் பார்த்தேன். தோள் குறுகி, கழுத்து உள்ளே போய், நாற்காலியில் பாதிதான் இருந்தார். "இதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் பேசத் தெரியலையே, பட்டதாரி" என்றார். புதுப் பலகையும் இறங்கியது. திருகாணி ஓட்டைகளோடு அந்தச் சுவர் காலியாக நின்றது.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவர் மனைவி சொல்லித்தான் கேட்டேன். நாற்காலியில் அன்றைக்கும் துண்டு கிடந்ததாம். மகள் அதைத் தொடவும் இல்லை, கேட்கவும் இல்லை. வகுப்பு முழுவதும் உட்காராமல், கரும்பலகைக்கு ஒருதடவைகூடப் பக்கவாட்டில் திரும்பாமல், நேராகப் பிள்ளைகளைப் பார்த்தபடியே வாயால் கணக்குச் சொல்லியிருக்கிறார். வாயால் சொன்ன கணக்கு பாதிப் பேருக்குப் புரியவில்லை. பின் வரிசையில் குசுகுசுப்பு, சிரிப்பு. 'வகுப்பு இவர் கையில் இல்லை' என்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். வருடக் கடைசியில் வேலை போயிற்று.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"நான் சொன்னேன் தம்பி. எந்திரிச்சு மாடிப்படியில போய் உக்காந்துட்டாரு. கூப்பிட்டும் வரல. அவதான் போய், 'உள்ள வாங்கப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க பாக்குறாங்க'ன்னு கூட்டி வந்தா."

அதற்குப் பிறகும் பார்வையாளர்கள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "சார், அந்த ஏர்போர்ட் கதை சொல்றவர் நீங்கதானே?" என்பார்கள். "அவரு லீவு" என்பார் ஃபிளாஷ்.

கோடை விடுமுறை முடியும் சமயம் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ரயிலும் போகாத ஊர், வழியில் ஓர் இரவு தங்கி மறுநாள் சேர வேண்டும். பெட்டி கனம் என்று நானும் பேருந்து நிலையத்துக்குப் போனேன். மகள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத்து வெளிச்சத்தில் அவருடைய முக ஓரம் கறுப்பாக, கச்சிதமாகத் தெரிந்தது. ஃபிளாஷ் ஒரு கணம் பார்த்தார். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு, விறுவிறுவென்று நடந்து பேருந்தின் முன்பக்கம் போய், முகப்புக் கண்ணாடிக்கு எதிரே நின்றுகொண்டார்.

"யோவ் பெரியவரே, வண்டி எடுக்கணும்! ஓரமா நில்லு!" என்று ஓட்டுநர் கத்தினார்.

இவர் நகரவில்லை. உள்ளே மகளை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே நின்றார். மகள் எட்டி முன்னால் பார்த்தார், கையைத் தூக்கினார். விடை கொடுத்தாரா, வழியை விடச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒதுங்கினார், வண்டி போய்விட்டது.

திரும்பும் வழியில் அவர் பேசியது ஒன்றுதான். "அவ வேண்டாம்னு சொன்னப்ப நான் சரின்னு சொன்னேன். நீயும் கேட்டல்ல?"

"கேட்டேண்ணே."

மகள் இப்போது அந்த ஊர்ப் பள்ளியில் நிரந்தரமாகிவிட்டார். விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறார், அப்பாவோடு உடம்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுகிறார். ஃபிளாஷ் நாணய அறையிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, கீழ்த்தளத்தில் பழைய கட்டட வரைபடங்களைப் படமெடுக்கும் வேலையில் இருக்கிறார். அதில் மனித முகங்கள் இல்லை.